பாட்டுகளைக் காக்கும் பெட்டி

வீட்டில் சேர்ந்துபோன குறுந்தகடுகளையும் கணினியில் அங்கங்கே கிடக்கும் பாட்டுக் கோப்புகளையும் ஓரிடத்தில் திரட்டி வைத்து, எந்த அறையில் உட்கார்ந்தும் கேட்க வழிசெய்யும் கருவியை இசைச் சர்வர் என்கிறோம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி இந்த வேலையைச் செய்யும். கனத்த அலுமினியப் பெட்டியில் பல லட்சம் ரூபாய்க்கு விற்கும் சாதனமும் இதே வேலையைத்தான் செய்கிறது. விலை ஏற ஏற ஒலி துலங்கும், குரல் முன்னே வந்து நிற்கும், வாத்தியங்களுக்கு இடையே வெளி விரியும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். இசையை நேசிக்கும் ஒருவர் இதைக் கேட்டுத் தடுமாறுவது இயல்பு. நல்ல ஒலிக்காகத்தானே இவ்வளவு பாடும். ஆனால் டிஜிட்டல் ஒலி எப்படிப் பயணம் செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஒலியின் தரத்தைத் தீர்மானிக்கும் இடம் சர்வர் இல்லை. சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: நான் தேடும் பாட்டை இது கண்டுபிடித்துத் தருமா, இருபது வருடம் கழித்தும் அந்தப் பாட்டு என்னிடம் இருக்குமா, இந்தக் கருவி செத்துப்போனால் என் சேகரிப்பு அதோடு போய்விடுமா?

குறுந்தகட்டில் இருப்பது எண்களின் வரிசை. ஒலியலையின் உயரத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி, இடம் வலம் என இரண்டு தடங்களுக்கும் இதைச் செய்தால் வினாடிக்கு 14,11,200 பிட்டுகள் சேரும். பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த தரம் இது. 1982இல் ஜப்பானில் முதல் குறுந்தகட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. 44,100 என்ற எண்ணுக்குப் பின்னால் ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தேற்றம் இருக்கிறது. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்கைவிடச் சற்று அதிகமான வேகத்தில் அளந்துவிட்டால், அந்த அலையைக் குறையில்லாமல் மீட்டெடுக்கலாம். மனிதக் காது இளமையில் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயதாக ஆக அது குறையும்; ஆகவே 44,100 போதும் என்று முடிவானது. இந்த எண்களை ஹார்டு டிஸ்கிலிருந்து எடுத்து வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பிவைப்பதோடு சர்வரின் பங்கு முடிகிறது. எண்ணை மின்னலையாக மாற்றுவது டிஏசி என்னும் சில்லு. அந்த அலையைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபையர். காற்றை அதிர வைப்பது ஸ்பீக்கர். சர்வரும் டிஏசியும் சில சமயம் ஒரே பெட்டிக்குள் இருந்தாலும் வேலைகள் வேறுவேறு. நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் பிழையைக் கண்டறியும் சரிபார்ப்பு எண் உண்டு. பழுதாகிவிட்டால் அல்லது வழியில் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. வங்கிக் கணக்கில் ஒரு பூஜ்யம் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் அதே ஏற்பாடு பாட்டின் எண்களையும் காக்கிறது. இதை நம்பிக்கையாகக்கூட ஏற்க வேண்டியதில்லை. ஒலியை இழப்பில்லாமல் சுருக்கி வைக்கும் ஃபிளாக் வகைக் கோப்பின் தலைப்பகுதியில் மூல ஒலித்தரவின் எம்டி5 முத்திரை பதிந்திருக்கும். கோப்பு எத்தனை கைமாறி எத்தனை டிஸ்க் ஏறி வந்திருந்தாலும், விரித்துப் பார்த்து முத்திரையை ஒப்பிட்டால் ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். மலிவான சர்வரிலிருந்து வந்த கோப்பும் விலையுயர்ந்த சர்வரிலிருந்து வந்த கோப்பும் இந்தச் சோதனையில் ஒன்றாகவே நிற்கும்.

இங்கே விஷயமறிந்த ஒருவர் குறுக்கிடுவார்: எண்கள் மாறவில்லை, சரி, ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஒலியாக மாறும் நேரம் பிசகினால் அலையின் வடிவம் கெடாதா? கெடும். இந்த நேரப் பிசகுக்கு ஜிட்டர் என்று பெயர், அது கற்பனை அல்ல. எண்பதுகளில் குறுந்தகட்டுக் கருவியிலிருந்து தனி டிஏசிக்கு எண்களை அனுப்பப் பயன்பட்ட எஸ்பிடிஐஎஃப் இணைப்பில், எண்களும் அவற்றுக்கான கடிகாரத் துடிப்பும் ஒரே கம்பியில் கலந்து வந்தன. வாங்கும் பக்கம் அந்தத் துடிப்பைப் பிரித்தெடுத்துத் தன் கடிகாரமாகக் கொள்ள வேண்டியிருந்தது. அனுப்பும் கருவி தடுமாறினால் வாங்கும் கருவியும் தடுமாறியது. இன்றைய ஒலிக் கருவிகளைப் பற்றிய அச்சங்களில் பெரும்பங்கு இந்தப் பழைய அமைப்பிலிருந்து வந்ததுதான். இன்று நிலைமை தலைகீழ். அசின்க்ரனஸ் யூஎஸ்பி முறையில் இயங்கும் டிஏசி தன் சொந்தப் படிகக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தனக்கு எப்போது எவ்வளவு தரவு தேவையோ அதைக் கணினியிடம் கேட்டு வாங்குகிறது. நெட்வொர்க் பிளேயர்களும் அப்படியே: வருகிற எண்களை நினைவகத்தில் சேர்த்து வைத்து, தங்கள் கடிகாரத்தின்படி ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கின்றன. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பிளேயருக்கு வரும் நெட்வொர்க் கேபிளைக் கழற்றினால், சேமித்து வைத்த எண்கள் தீரும்வரை பாட்டு தொடரும். அந்த நேரத்தில் சர்வருக்கும் பிளேயருக்கும் தொடர்பே இல்லை. சர்வரின் குணம் ஒலியில் ஏறுகிறது என்பது உண்மையானால், கேபிளைக் கழற்றிய நொடியில் ஒலி மாறியிருக்க வேண்டும். எவ்வளவு பிசகைக் காது உணரும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஜப்பானில் அஷிஹாரா குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் தங்களுக்குப் பழக்கமான இசையைக் கேட்டபோது, ஒழுங்கற்ற ஜிட்டரை உணர அது நூற்றுக்கணக்கான நானோ வினாடி அளவுக்குப் போக வேண்டியிருந்தது. இன்று ஓரளவு ஒழுங்காகச் செய்த டிஏசி எதிலும் பிசகு அதைவிடப் பல மடங்கு குறைவு.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது, அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. கணினி என்பது மின் இரைச்சலின் ஊற்று. யூஎஸ்பி கேபிள் எண்களோடு அந்த இரைச்சலையும் டிஏசிக்குள் கடத்தலாம். கணினியும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு சாக்கெட்டில் இணைந்து புவியிணைப்பில் ஒரு சுற்று உண்டாகிவிட்டால் ஸ்பீக்கரில் ஹம் என்ற ரீங்காரம் கேட்கும். இது மெய்யான கோளாறு. ஆனால் இதற்கு மருந்து விலையுயர்ந்த சர்வர் இல்லை, தூரம். சர்வரை வேறு அறையில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிளேயரை வைஃபை வழியாகவோ ஈதர்நெட் வழியாகவோ இணைத்தால் போதும். முறுக்குக் கம்பி ஈதர்நெட் இணைப்பின் முனைகளில் சிறு மின்மாற்றிகள் இருக்கும். தரம் வகுத்த விதி 1,500 வோல்ட் வரை தாங்கும் மின் பிரிப்பைக் கேட்கிறது. வைஃபையில் கம்பியே கிடையாது. கேட்கும் அறையில் கணினியை வைத்துத்தான் தீர வேண்டும் என்றால் ஒளியிழைக் கேபிள் வழியாக டிஏசிக்கு எண்களை அனுப்பலாம். சில நூறு ரூபாயில் தீரும் பிரச்சினைக்கு லட்சங்களைச் செலவிட எந்தப் பொறியியல் காரணமும் இல்லை.

உயர்நுண்மை ஒலி என்று விற்கப்படும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளின் கதையையும் இங்கேயே பார்த்துவிடலாம். அமெரிக்காவில் மேயர், மோரன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நுண்மைப் பதிவு ஒன்றை அப்படியே ஒலிக்கவிட்டதையும், அதையே குறுந்தகட்டுத் தரத்துக்குக் குறைத்து ஒலிக்கவிட்டதையும் கேட்பவர்கள் வேறுபடுத்த முடிகிறதா என்று பார்த்தார்கள். எது எதுவென்று சொல்லாமல் நடத்திய 554 முயற்சிகளில் 276 சரியாக இருந்தன. நாணயம் சுண்டினாலும் இதுதான் கிடைக்கும். 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்து, 12,500க்கும் மேற்பட்ட முயற்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது சரியான விடைகள் 52.3 விழுக்காடு வந்தன. புள்ளியியல் கணக்கில் இது தற்செயல் இல்லை; பயிற்சி பெற்றவர்களிடம் அது 60 விழுக்காட்டைத் தாண்டியது. ஆகவே வித்தியாசம் அறவே இல்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மிகச் சிறியது, பெரும்பாலோருக்கு எட்டாதது என்று சொல்வேன். அதைவிட முக்கியம், அந்த வித்தியாசம் கோப்புக்கு உரியது, சர்வருக்கு உரியது இல்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு சுருக்காமல் அனுப்பினாலும் வினாடிக்கு 92,16,000 பிட்டுகள்தான். வீட்டு நெட்வொர்க்கின் பழைய வேகமே வினாடிக்குப் பத்துக் கோடி பிட்டுகள். ராஸ்பெரி பை இதைச் சிரமமில்லாமல் அனுப்பும். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் முதல் பாட்டிலேயே காதுக்குத் தெரியும். அறையின் மொட்டைச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத் திரைச்சீலையும் புத்தக அலமாரியும் வைத்து அடக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்படியானால் சர்வர்களுக்குள் வித்தியாசமே இல்லையா என்றால், பெரிய வித்தியாசம் இருக்கிறது. அது பட்டியலில் இருக்கிறது. பத்தாயிரம் பாட்டு வைத்திருப்பவருக்குச் சர்வர் என்பது ஒரு நூலகர். புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியாத நூலகரிடம் எவ்வளவு அழகான கட்டடம் இருந்தும் பயனில்லை. இசைச் சர்வர் மென்பொருள்களில் பெரும்பாலானவை மேலைநாட்டுப் பாப் இசையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று அடுக்கில் அவை உலகத்தைப் பார்க்கின்றன. தமிழ்த் திரைப்பாடல் அந்த அடுக்கில் அடங்காது. ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறையும் ஆறு பேர் பாடியிருப்பார்கள். பாடகர் பெயரை வைத்து வகைப்படுத்தும் மென்பொருள் அந்த ஒரு படத்தை ஆறு ஆல்பமாக உடைத்து, திரையில் ஆறு இடத்தில் காட்டும். இதற்காகவே ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்று தனிப் புலம் உண்டு. அதில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டால் படம் ஒன்றுசேரும். அந்தப் புலத்தை மதிக்காத சர்வர் நமக்கு உதவாது. அடுத்த சிக்கல், ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை இணைந்து இசையமைத்தார்கள், பிறகு விஸ்வநாதன் தனியாக. ‘விஸ்வநாதன்-ராமமூர்த்தி’ என்று ஒரே சொற்றொடராகப் பதிந்து வைத்தால், விஸ்வநாதன் பெயரைத் தொட்டதும் பிந்தைய பாட்டுகள் மட்டும் வரும். இரட்டையரின் காலம் வேறொருவருடையதைப் போல வேறிடத்தில் ஒதுங்கிக் கிடக்கும். ஃபிளாக் கோப்பில் தகவல் எழுதும் முறையில் ஒரே புலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம். இசையமைப்பாளர் என்ற புலத்தில் இரண்டு பெயரையும் தனித்தனியே எழுதி, சர்வர் அந்த இரண்டையும் தனித்தனியே படித்தால் சிக்கல் தீர்ந்தது. பாடலாசிரியருக்கும் இதே கதை. எந்தப் பாடலாசிரியரின் பாட்டெல்லாம் என்னிடம் உண்டு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத சர்வரைத் தமிழ்ப் பாட்டுக்கு ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன்.

கர்நாடக இசைக்கு வந்தால் தேவை இன்னும் விரிகிறது. அங்கே பாடியவர் பெயர் ஒரு வாசல் மட்டும். ராகம், தாளம், இயற்றியவர், உருப்படியின் வகை, பக்கவாத்தியக்காரர்கள் என ஒவ்வொன்றும் தனி வாசல். ஒரே ராகத்தில் தியாகராஜர் செய்ததையும் தீட்சிதர் செய்ததையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்று ரசிகர் விரும்புவார். குறிப்பிட்ட மிருதங்க வித்வான் வாசித்த கச்சேரிகளை மட்டும் எடுத்துப் பார்க்க விரும்புவார். பழைய எம்பி3 கோப்புகளின் முதல் தகவல் முறை, 1996இல் வந்தது, கோப்பின் கடைசியில் 128 பைட் ஒதுக்கி, பாட்டின் பெயருக்கு 30 எழுத்துதான் கொடுத்தது. தமிழ் எழுத்துக்கே அதில் முறையான இடம் இல்லை. ராகத்துக்கு எங்கே இடம்? ஃபிளாக்கின் தகவல் முறை இதற்கு நேர்மாறு: புலத்தின் பெயரை நாமே சூட்டலாம், மதிப்பை யூனிகோடில் எழுதலாம். ‘ராகம்’ என்ற தகவலை இன்றே கோப்புக்குள் எழுதி வைக்கத் தடையில்லை. அதைப் படித்து ராக வாரியாகப் பட்டியல் காட்டுமா என்பதுதான் சர்வரிடம் கேட்க வேண்டிய கேள்வி. இது ஏதோ சிலருடைய விசித்திரத் தேவை என்று யாரும் நினைக்க வேண்டாம். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் என்ற ஆராய்ச்சித் திட்டம், சென்னை ஐஐடியையும் சேர்த்துக்கொண்டு, கணினி இசையியல் மேலைநாட்டு இசையின் அச்சிலேயே வார்க்கப்பட்டிருப்பதைக் கேள்வி கேட்டது. அந்த முயற்சியின் பகுதியாகக் கர்நாடக இசைப் பதிவுகளின் தகவல்கள் மியூசிக்பிரெயின்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தில் ஏறின. இன்று அங்கே ஓர் உருப்படிக்கு ராகமும் தாளமும் குறிக்க இடம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் சிறு நிறுவனங்கள் வெளியிட்ட குறுந்தகடுகளில் ஏராளமானவற்றுக்கு அங்கே பதிவு கிடைக்காது. உறையைப் பார்த்து நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். ஒரு பேரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. ரோமன் எழுத்தில் எழுதும் பழக்கத்தால் ஒரே கீர்த்தனை நாலு விதமாகப் பதிந்து நாலு இடத்தில் சிதறிக் கிடப்பது நம் சேகரிப்புகளின் பொதுவான நோய்.

கச்சேரிக்கு இன்னொரு தேவையும் உண்டு. ராகம் தானம் பல்லவியைக் குறுந்தகட்டில் மூன்று நான்கு தடங்களாக வெட்டியிருப்பார்கள், ஆனால் இசை வெட்டுப்படாமல் ஓடும். எம்பி3 முறை ஒலியை 1,152 அளவுகள் கொண்ட துண்டுகளாகச் சுருக்குவதால், தடத்தின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்று ஒலி சேர்ந்துவிடும். சரியான குறிப்பு கோப்பில் இல்லாவிட்டாலோ பிளேயர் அதைப் படிக்காவிட்டாலோ, ஆலாபனையிலிருந்து தானத்துக்குத் திரும்பும் இடத்தில் சிறு விக்கல் கேட்கும். ஃபிளாக் அளவுகளை எண்ணிக்கை மாறாமல் வைப்பதால் கோப்பு அளவில் இந்தக் குறை இல்லை. சர்வரும் பிளேயரும் அடுத்த தடத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. வாங்குவதற்கு முன் இதை மட்டும் கட்டாயம் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். விளம்பரத்தில் பெரிய எண்களைப் போடும் சில கருவிகள் இந்த எளிய இடத்தில் தடுக்கி விழுகின்றன.

நீடித்து நிற்பதைப் பற்றிப் பேச ஸ்க்வீஸ்பாக்ஸின் வரலாற்றைவிட நல்ல சான்று இல்லை. அமெரிக்காவில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2001இல், கணினியிலிருக்கும் பாட்டை நெட்வொர்க் வழியாக வாங்கி ஒலிக்கும் கருவி ஒன்றை விற்கத் தொடங்கியது. கணினியில் ஓடும் சர்வர் மென்பொருளின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012இல் கருவி வரிசையையே கைவிட்டது. 2024 தொடக்கத்தில் அதன் இணையச் சேவையையும் மூடியது. வழக்கமாக இந்த இடத்தில் வாங்கியவர்களின் கருவிகள் குப்பைக்குப் போயிருக்கும். மூல நிரல் திறந்திருந்ததால் அப்படி ஆகவில்லை. பயன்படுத்துவோரே அதைப் பராமரித்தார்கள், லிரியன் மியூசிக் சர்வர் என்று 2024இல் பெயர் மாற்றி இன்றும் புதுப்பித்து வருகிறார்கள். பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால் வாங்கிய பெட்டிகள் இன்றும் அதனோடு பேசுகின்றன. பழைய கருவி இல்லாதவர் ராஸ்பெரி பையில் பைகோர்பிளேயர் என்ற இலவச மென்பொருளை ஏற்றி அதே சர்வரோடு இணைத்துக்கொள்ளலாம். மாறாக, 2020 ஜனவரியில் சோனோஸ் நிறுவனம் தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு அந்த மே மாதத்துக்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பு இல்லை என்று அறிவித்தபோது, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கருவிகளை வைத்திருந்தவர்கள் நிறுவனத்தோடு மன்றாட வேண்டியிருந்தது. ஒரு கருவியின் ஆயுளை அதன் உலோகமும் சில்லும் தீர்மானிப்பதில்லை. அதை இயக்கும் மென்பொருள் யார் கையில் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. லிரியன், நேவிட்ரோம், ஜெல்லிஃபின், எம்பிடி போன்ற திறந்த மென்பொருள்களை நான் முன்னிறுத்துவதற்கு அவை இலவசம் என்பது இரண்டாவது காரணந்தான்.

இதெல்லாம் எதற்கு, மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாட்டு கைப்பேசியிலேயே வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒலித் தரத்தைக் காட்டி இதை மறுக்க முடியாது. ஆப்பிள் மியூசிக் 2021லிருந்து கூடுதல் கட்டணமின்றி இழப்பில்லாத் தரத்திலேயே தருகிறது. புதுப் பாட்டுகளைத் தேடிக் கேட்க ஸ்ட்ரீமிங் அருமையான வழி, அதை விடச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஆனால் அங்கே நாம் வைத்திருப்பது அனுமதி, உடைமை இல்லை. உரிமத்தைப் புதுப்பிப்பதில் உடன்பாடு வராமல் 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஜீ மியூசிக்கின் பாட்டுகள் மொத்தமாக மறைந்தன. பயனர்களின் பட்டியல்களில் அவை இருந்த இடம் சாம்பல் நிறமானது. காசு கொடுத்து வாங்கிய கோப்புக்கே இந்தக் கதி வந்ததுண்டு. எம்எஸ்என் மியூசிக்கில் பூட்டுப் போட்ட கோப்புகளை வாங்கியவர்களுக்கு 2008இல் மைக்ரோசாஃப்ட், சாவி வழங்கும் சர்வர்களை நிறுத்தப் போவதாகச் சொன்னது. புதுக் கணினி வாங்கினால் பழைய பாட்டு திறக்காது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே 2011 முடிய நீட்டித்தது. இன்னொன்று, மறு அச்சு காணாத கச்சேரிப் பதிவுகள், வானொலியிலிருந்து யாரோ அக்கறையாக நாடாவில் பிடித்தவை, கோயில் திருவிழாவில் பதிந்த நாகசுரம், இவை எந்தச் சேவையின் பட்டியலிலும் இல்லை. வீட்டுச் சர்வரின் முதல் கடமை அவற்றுக்குத்தான். ஊரெல்லாம் கிடைக்கும் பாட்டை ஊர் காப்பாற்றிக்கொள்ளும்.

காப்பது என்று வந்தபின் டிஸ்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கணக்கு சிறியதுதான். ஒரு மணி நேரக் குறுந்தகடு சுருக்காமல் சுமார் 635 மெகாபைட். ஃபிளாக் அதை ஏறக்குறையப் பாதியாக்கும், ஓர் எண்ணையும் இழக்காமல். ஆயிரம் தகடுகள் 350 ஜிகாபைட்டை ஒட்டி அடங்கும். ஒரு டெராபைட் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு டெராபைட் எப்போது சாகும் என்பது யாருக்கும் தெரியாது. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளைக் கண்காணித்து 2007இல் வெளியிட்ட அறிக்கையில், ஆண்டுக்குப் பழுதாகும் விகிதம் முதல் ஆண்டில் 1.7 விழுக்காடாக இருந்து மூன்றாம் ஆண்டில் 8.6 விழுக்காட்டுக்கு ஏறியது. அதைவிடக் கவலை தருவது, பழுதானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை டிஸ்கின் சுயபரிசோதனையில் முக்கிய எச்சரிக்கை எதையும் காட்டாமலே விழுந்தன. இரண்டு டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்பை, வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் நாஸ் என்ற சேமிப்புப் பெட்டிகள் பெருமையாகச் சொல்கின்றன. ஒரு டிஸ்க் விழுந்தால் பாட்டு நிற்காது, உண்மை. ஆனால் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் ரெய்டு அதை இரண்டு டிஸ்கிலும் சேர்த்தே அழிக்கும்; மின்னல் இறங்கினாலும் திருட்டுப் போனாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். ஆகவே ரெய்டு உள்ள விலையுயர்ந்த பெட்டி ஒன்றைவிட, எளிய சர்வரும் தனியே இரண்டு டிஸ்குகளும், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் இருப்பதும் பாதுகாப்பானது. மாதம் ஒருமுறை பிரதி எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஃபிளாக் கோப்புகளின் முத்திரைகளை மொத்தமாகச் சரிபார்த்தால், ஓசையில்லாமல் கெட்டுப்போன கோப்பும் கண்ணில் படும். நல்ல பிரதியிலிருந்து அதை மீட்கலாம். நம் ஊர் மின்தடையையும் கணக்கில் வைக்க வேண்டும். ராஸ்பெரி பையில் இயங்குதளம் இருக்கும் எஸ்டி கார்டு, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கெட்டுப்போவது சகஜம். பாட்டுகளை அதில் வைக்காமல் தனி டிஸ்கில் வைத்துவிட்டால், கார்டை மாற்றி அரை மணி நேரத்தில் மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

நாள் முழுக்க ஓடும் கருவி என்பதால் மின்செலவும் தேர்வில் சேரும். டிஸ்கோடு சேர்த்துச் சுமார் 5 வாட் எடுக்கும் சிறு கணினி இரண்டு மாதத்தில் 7 யூனிட் செலவழிக்கும். 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினியைச் சர்வராக்கினால் அதே இரண்டு மாதத்தில் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தில் பெரும்பகுதியை அது ஒன்றே விழுங்கிவிடும். விசிறியின் இரைச்சல் வேறு. சர்வர் ஒலியைக் கெடுக்கும் வழி ஒன்று உண்டென்றால் அது இந்த விசிறிதான்: அமைதியான அறையில் தம்புராவின் கடைசி அதிர்வு அடங்கும் இடத்தை அது மூடிவிடும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினி இரண்டுக்கும் நடுவில் நல்ல தேர்வு. மின்சாரம் குறைவு, உள்ளே பேட்டரி இருப்பதால் மின்தடையும் தாங்கும்.

கடைசியாக, இதையெல்லாம் நிறுவிப் பராமரிக்க எல்லோராலும் முடியுமா என்ற ஆட்சேபம். முடியாதவர்களும் விரும்பாதவர்களும் இருப்பார்கள், அவர்கள் ஆயத்தப் பெட்டி வாங்குவதில் தவறே இல்லை. தகட்டை உள்ளே தள்ளினால் தானே படியெடுத்து, உறைப் படத்தோடு அடுக்கி வைக்கும் கருவிகள் உண்டு. ரூன் போன்ற சந்தா மென்பொருள் இசைக்கலைஞர்களின் தொடர்புகளை அழகாக விரித்துக் காட்டுகிறது. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை வசதிக்கான விலை என்று தெரிந்து கொடுத்தால் போதும். ஆனால் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு செயலைச் செய்து காட்டச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியில் இருபது பாட்டை ஏற்றி, ஒரு பாட்டின் இசையமைப்பாளர் பெயரையும் ராகத்தையும் அதன் ஆப்பிலேயே தமிழில் திருத்தி, பிறகு டிஸ்கைக் கழற்றி அல்லது கோப்புகளை வெளியே நகலெடுத்து, சாதாரணக் கணினி ஒன்றில் திறந்து பார்க்க வேண்டும். பாட்டு சாதாரண ஃபிளாக் கோப்பாக வருகிறதா, திருத்திய தகவல் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது பெட்டியின் சொந்தத் தரவுத்தளத்தில் தங்கிவிட்டதா? பல கருவிகள் மூன்றாவதைத்தான் செய்கின்றன. அப்படிச் செய்யும் பெட்டியில் ஐந்து வருடம் உட்கார்ந்து ஒழுங்குபடுத்திய உழைப்பு, பெட்டி பழுதாகும் நாளில் அதோடு போய்விடும். கோப்புக்குள் எழுதும் பெட்டியானால் விலை என்னவானாலும் வாங்கலாம். எழுதாவிட்டால், தகவல் திருத்தும் வேலையைக் கணினியில் தனி மென்பொருளில் செய்து முடித்துவிட்டு, பாட்டை ஒலிக்க மட்டும் அந்தப் பெட்டியைப் பயன்படுத்தலாம்.